ஜெர்மனியில் வயலின் படிப்பு: நுழைவுத் தேர்வு எழுதியவர்கள் உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். ஜெர்மனியின் அரசு இசைப் பல்கலைக்கழகம் ஒன்றில் இளங்கலை வயலின் படிப்புக்கு விண்ணப்பிக்க இருக்கிறேன். கட்டண விவரம் தெரிந்துவிட்டது: ஸ்டுட்கார்ட், ஃப்ரைபுர்க் நகரங்கள் உள்ள பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்கள் ஒரு பருவத்துக்கு (செமஸ்டருக்கு) 1,500 யூரோ கட்ட வேண்டும்.

குழப்பமெல்லாம் நுழைவுத் தேர்வில்தான். வயலின் வாசிப்பில் பயமில்லை. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் தனி வயலின் இசையில் ஒரு பகுதியும், இசைக்குழுவோடு வாசிக்கும் கான்செர்ட்டோ ஒன்றும் தயார். ஆனால் இசைக் கோட்பாடு, செவிப்பயிற்சி (கேட்ட இசையை இனங்காண்பது), போதாக்குறைக்குப் பியானோவையும் சோதிக்கிறார்களே! வயலின் மாணவரிடம் எந்த அளவு பியானோ எதிர்பார்க்கிறார்கள்? எளிய சொனாட்டினா (சிறிய சொனாட்டா இசைப்படைப்பு) போதுமா? செவித் தேர்வின் கேள்விகள் ஜெர்மன் மொழியில் மட்டுமா?

இன்னொன்று. விண்ணப்பிக்கும் முன்பே பேராசிரியருக்கு எழுதி, ஒரு மாதிரி வகுப்பு கேட்பது அங்கே வழக்கம் என்கிறார்கள். முதல் மடலிலேயே வீடியோ இணைப்பை அனுப்பலாமா? பதில் வராவிட்டால், எவ்வளவு நாள் கழித்து மீண்டும் எழுதினால் நச்சரிப்பாகத் தோன்றாது?

'நன்றாகப் பயிற்சி செய்' என்ற அறிவுரை வீட்டிலேயே தாராளமாகக் கிடைக்கிறது. அண்மையில் இந்தத் தேர்வை எழுதியவர்கள், தேர்வறையில் நடந்ததை அப்படியே சொன்னால் பேருதவியாக இருக்கும்.