புதுப்பிப்பு: கேபிள் ரெக்கார்டரா, தனி ரெக்கார்டரா?

டிவி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்ய, கேபிள் நிறுவனம் வாடகைக்குத் தரும் ரெக்கார்டரே போதுமா, தனியாக ஒன்று வாங்கலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. தனி ரெக்கார்டரே வாங்கிவிட்டேன்.

"மூன்று வருட வாடகையைக் கூட்டுங்கள், தனி ரெக்கார்டர் பக்கம் அதன் விலையோடு நிகழ்ச்சி அட்டவணைச் சந்தாவையும் சேருங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. கணக்குப் போட்டால் பெரிய வித்தியாசமில்லை. அதற்குள் வாடகைப் பெட்டி பழுதானது. புதிது தந்தார்கள், பதிவுகள் பழையதோடு போயின. வன்தட்டைக் கழற்றிப் புதியதில் மாட்டினாலும் ஓடாது. பதிவுகள் அந்தப் பெட்டிக்கென்றே பூட்டப்பட்டவை. சரி, போதும் என்று முடிவெடுத்தேன்.

தனி ரெக்கார்டரில் கேபிள் கார்டை (சந்தா சேனல்களைத் திறக்க கேபிள் நிறுவனம் தரும் அட்டை) செருகியதும் சில சேனல்கள்தான் வந்தன, மற்றதெல்லாம் கறுப்புத் திரை. திரையில் தெரியும் கார்டு எண், ஹோஸ்ட் எண் (ரெக்கார்டரின் எண்) இரண்டையும் கேபிள் நிறுவனத்துக்குப் போனில் வாசித்து இணைக்கச் சொல்ல வேண்டியிருந்தது. எதிர்முனையில் ஓர் இலக்கத்தைத் தவறாகப் பதிந்துவிட்டதால் எனக்கு அரை நாள் போனது. திரும்ப வாசிக்கச் சொல்லிச் சரிபாருங்கள்.

எதிர்பாராதது ஒன்று: கார்டு போட்டாலும் என் ரெக்கார்டர் ஒருவழிதான், கேபிள் நிறுவனத்துக்குத் திருப்பி எதையும் அனுப்பாது என்பதால், கேபிளின் ஆன் டிமாண்ட் படங்கள் (வேண்டியபோது தேர்ந்தெடுத்துப் பார்ப்பவை) வராது. வீட்டில் இன்னும் அதற்குத்தான் முணுமுணுப்பு.