புதுப்பிப்பு: மருந்தேற்றிய பிளைவுட் அலமாரி, ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு

மன்னார்குடி வீட்டில் நெல் குதிருக்கு அருகே இருந்த பிளைவுட் அலமாரியின் அடிப்பலகை ஊதிப்போய்க் கரையான் ஏறியதைப் பற்றிச் சென்ற ஆவணியில் இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

"அறுத்த ஓரங்களைக் கவனியுங்கள்" என்ற யோசனையே பலித்தது. ஐ.எஸ். 710 (ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தரம்) முத்திரையுள்ள பலகை வாங்கி, ஆசாரி அறுத்த ஒவ்வொரு விளிம்பிலும் துளையிலும் கரையானைத் தடுக்கும் போரான் மருந்தை இருமுறை தடவி, காய்ந்தபின் பெயின்ட் அடித்தோம். போரான் மருந்து ஈரத்தில் கரைந்து வெளியேறிவிடும் என்பதால் இந்தப் பெயின்ட் பூச்சு அவசியமாகிறது. அடுக்குகளை ஒட்டிய பசையைச் சோதிக்க, பலகைத் துண்டு ஒன்றை அம்மாவின் பழைய அண்டாவில், திட்டு வாங்கிக்கொண்டே, எட்டு மணி நேரம் கொதிக்க வைத்தும் அடுக்குகள் பிரியவில்லை. ஆனால் அந்தத் தரம் கேட்பது 72 மணி நேரக் கொதிப்பு.

ஐப்பசி, கார்த்திகை மழை கடந்தும் அடிப்பலகை ஊதவில்லை. எதிர்பாராதது ஒன்று: பலகையின் விளிம்பில் முடுக்கிய கீல் திருகுகள் தளர்ந்துவிட்டன, முகப்புறத்தில் மாற்றி முடுக்கியதும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன.