பழைய பேய்ப்பட முகங்கள், மான்ஸ்டர் ஓவியங்கள்: உங்கள் முதல் சந்திப்பைப் பகிருங்கள்

நானே ஆரம்பிக்கிறேன்.

1931இல் வந்த ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தை நான் முதலில் பார்த்தது சத்தமே இல்லாமல். பாளையங்கோட்டை வீட்டில் முன்னறையில்தான் டி.வி. இருந்தது, ஆச்சி படுப்பதும் அங்கேதான். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் படம் பார்க்க வேண்டுமென்றால் வால்யூமைச் சுத்தமாகக் குறைத்துவிட வேண்டும். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

அதனால் எனக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. மான்ஸ்டராக வரும் போரிஸ் கார்லாஃபுக்கு அந்தப் படத்தில் ஒரு வசனம்கூடக் கிடையாது. உறுமுவார், முனகுவார், அவ்வளவுதான். எழுத்து ஓடும் இடங்களை விட்டால் பின்னணி இசையும் இல்லை. முகமும் கையும்தான் படம்.

செத்த உடம்புகளைத் தைத்து அந்த மான்ஸ்டரை உருவாக்கிய டாக்டர், அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுக் கூரைக் கதவைத் திறப்பார். மேலேயிருந்து வெயில் இறங்கும். இருட்டிலேயே கிடந்த அந்த உருவம் மெல்ல அண்ணாந்து பார்க்கும். எழுந்து, இரண்டு கையையும் தூக்கி, அந்த வெயிலைத் துழாவும். கதவை மூடிவிடுவார்கள். கை மட்டும் நீட்டினபடியே நிற்கும், ‘இன்னும் கொஞ்சம்’ என்று கேட்பதுபோல.

ஆச்சி எப்போது கண் விழித்தாளோ தெரியாது. “ஏல, அது வெளிச்சத்தக் கையால புடிக்கப் பாக்குல. பாவம், பச்சப்புள்ள மாதிரி” என்றாள். அப்புறம் படம் முடியும்வரை அவளும் தூங்கவில்லை.

ஆச்சிக்கு இங்கிலீஷ் தெரியாது, கார்லாஃப் யாரென்றும் தெரியாது. ஆனால் அவர் எதைக் காட்ட நினைத்தாரோ அதை அப்படியே சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து இந்த முகங்களை நான் பயத்துக்காகப் பார்ப்பதில்லை. உள்ளே இருக்கிற ஆளைத் தேடித்தான் பார்க்கிறேன்.

கார்லாஃபின் சொந்தப் பெயர் வில்லியம் ஹென்றி பிராட். 1887இல் லண்டனில் பிறந்தவர். அப்பா பிரிட்டிஷ் இந்திய அரசாங்கத்தில் உத்தியோகம் பார்த்தவர். அந்தக் குடும்பத்தில் இந்திய ரத்தமும் உண்டு என்று தெரிந்த நாளில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. இந்த வேடம் கிடைக்கும்போது அவருக்கு 43 வயது. அதற்கு முன் எத்தனையோ படங்களில் சின்னச் சின்ன வேடம், வேலை இல்லாத நாட்களில் லாரி ஓட்டியிருக்கிறார். படத்தின் தொடக்க எழுத்தில் அவர் பெயர்கூட வராது. மான்ஸ்டர் என்று போட்டு, நேராக ஒரு கேள்விக்குறி.

ஒப்பனை செய்தவர் ஜாக் பியர்ஸ். தினமும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகும். டாக்டர் மூளையை வைக்க வேண்டுமென்றால் மண்டையை மூடிபோலத் திறந்துதான் வைத்திருப்பார் என்று யோசித்து, உச்சியைத் தட்டையாக்கியவர் பியர்ஸ். கார்லாஃப் செய்த இரண்டு காரியங்கள் எனக்கு அதைவிடப் பெரிது. கண் ரொம்ப உயிரோடு இருக்கிறது என்று அவரே சொல்லி, இமைகளில் மெழுகு பூசிக்கொண்டார். வாயில் ஒரு பக்கம் கட்டியிருந்த பல்லைக் கழற்றிவிட்டார், கன்னம் உள்ளே விழட்டும் என்று. அடுத்த தடவை பார்க்கும்போது அந்தக் குழி விழுந்த கன்னத்தைப் பாருங்கள். அது ஒப்பனை இல்லை, அவருடைய சொந்தக் கன்னம்.

சரி, ஓவியத்துக்கு வருகிறேன்.

என் மாமா மதுரையில் ஒரு சினிமா பேனர் கம்பெனியில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். ஸ்டில்லில் கட்டம் போட்டு, துணியில் கட்டம் போட்டு, ஒரு முகத்தை இருபது அடிக்குக் கொண்டுபோகும் வேலை. ஃபிளக்ஸ் வந்தபின் அது போய்விட்டது. ஒரு விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, பேசில் கோகோஸ் வரைந்த கார்லாஃப் ஓவியம் ஒன்றின் பிரிண்டை அவரிடம் காட்டினேன். கோகோஸ் எகிப்தில் ஒரு கிரேக்கக் குடும்பத்தில் பிறந்து அமெரிக்கா போனவர். ‘ஃபேமஸ் மான்ஸ்டர்ஸ் ஆஃப் ஃபிலிம்லேண்ட்’ என்று 1958இல் தொடங்கிய பத்திரிகைக்கு 1960இலிருந்து அட்டைப்படம் போட்டார். அந்த அட்டைகளைப் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறையே அங்கே இருக்கிறது.

மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பிரிண்டை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். ஒரு பக்கக் கன்னத்தில் பச்சை, மறுபக்கம் சிவப்பு, நெற்றி மேட்டில் எலுமிச்சை மஞ்சள். ரொம்ப நேரம் பேசவில்லை.

“மருமவனே, இவரும் நம்மள மாதிரி கறுப்பு வெள்ளை ஸ்டில்லப் பாத்துதான் போட்டிருக்காரு. கலரு பூரா இவரு கைச்சரக்கு.”

“எப்படி மாமா சொல்லுதிய?”

“நெழல்ல பாரு. கறுப்பே வைக்கல. கறுப்பு வைக்க வேண்டிய எடத்துல பச்சையையும் நீலத்தையும் எறக்கியிருக்காரு. நாங்களும் அப்படித்தான் செய்வோம். கறுப்பு வச்சா மூஞ்சி செத்துப்போவும்.”

மாமா சொன்னது சரி. அந்தப் படங்களே கறுப்பு வெள்ளைதானே. அந்த முகங்களுக்கு நிறம் என்ன என்று ஒருவருக்கும் தெரியாத இடத்தில், இடது பக்கம் ஒரு விளக்கு, வலது பக்கம் ஒரு விளக்கு என்று மனதுக்குள் ஏற்றி வைத்துக்கொண்டு வரைந்தார் கோகோஸ். செத்த உடம்புகளைத் தைத்துச் செய்த உருவத்துக்கு அத்தனை வண்ணமா என்று தோன்றவே தோன்றாது. கார்லாஃபின் கண் மட்டும் அப்படியே இருக்கும். அதில் அவர் விளையாடவில்லை.

கடைசியாக ஒன்று. 2017 அக்டோபரில் பாஸ்டனிலிருந்து ரயில் ஏறி சேலம் போனேன் (நம்ம சேலம் இல்லை, 1692இல் சூனியக்காரிகள் என்று சொல்லித் தூக்கில் போட்டார்களே, அந்த ஊர்). அங்கே பீபாடி எசெக்ஸ் அருங்காட்சியகத்தில், மெட்டாலிகா ராக் இசைக்குழுவின் கிதார் கலைஞர் கிர்க் ஹேமட் சேர்த்து வைத்திருக்கும் பழைய பேய்ப்படப் போஸ்டர்களைக் கண்காட்சியாக வைத்திருந்தார்கள். தெரு முழுக்கச் சூனியக்காரித் தொப்பி போட்ட கூட்டம், உள்ளே கோவில் மாதிரி அமைதி. 1932இல் வந்த ‘தி மம்மி’ போஸ்டர் முன்னால் முக்கால் மணி நேரம் நின்றிருப்பேன். கட்டுத் துணி சுற்றி, கையை மார்பில் மடக்கி நிற்கும் கார்லாஃப், முன்னால் சிவப்பு உடையில் ஒரு பெண். யுனிவர்சல் கம்பெனியின் விளம்பர ஓவியப் பிரிவை நடத்திய கரோலி குரோஸ் செய்தது. 1997இல் இதே போஸ்டரின் ஒரு பிரதி ஏலத்தில் 4,53,500 டாலருக்குப் போனது. ஆனால் பக்கத்தில் போய்ப் பார்த்தால் தெரிவது பணம் இல்லை, லித்தோ என்கிற கல்லச்சின் பொடிப்பொடியான, மணல் மாதிரிப் புள்ளிகள். பழைய சிவகாசி காலண்டரை உற்றுப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். தியேட்டர் வாசலில் ஒட்டிக் கிழித்துப் போடுவதற்காக அடித்த தாளில், அந்த ஆள் அந்தக் கட்டுத் துணியின் ஒவ்வொரு மடிப்புக்கும் நிழல் வைத்திருக்கிறார்.

அந்த வருஷம் செப்டம்பரில்தான் கோகோஸ் இறந்திருந்தார். மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலுக்குப் பேனா மையால் கோடு கோடாக இழைத்துப் படம் போட்ட பெர்னி ரைட்சன் அதே வருஷம் மார்ச்சில் போனார். திரும்பி வரும் ரயிலில் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

உங்களுடையதைச் சொல்லுங்கள்.

*

அண்ணா, ஆச்சி சொன்னதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நான் சென்னையில் மேடை நாடகங்களுக்கு மேக்கப் போடுகிறவள். என் முதல் சந்திப்பு ஊமைப் பட நடிகர் லான் சானி, 1925இல் வந்த ‘ஃபேண்டம் ஆஃப் தி ஆபரா’. கதாநாயகி பின்னாலிருந்து அவர் முகமூடியை உருவுவாள். அவள் பார்க்கும் முன்பே நாம் அந்த முகத்தைப் பார்த்துவிடுவோம். மண்டை ஓட்டுக்குக் கண் முளைத்த மாதிரி. எனக்குப் பின்னால் நின்று யாரோ இழுத்த மாதிரி நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். உடனே திரும்ப ஓட்டி, மூக்கை எப்படி மேலே தூக்கினார் என்று பார்க்க ஆரம்பித்துவிட்டேன். தொழில் புத்தி.

அவருக்கு மேக்கப்மேன் கிடையாது, எல்லாம் அவர் கைதான். அப்பா அம்மா இரண்டு பேருக்கும் காது கேட்காது, பேச்சும் வராது. சின்ன வயதிலிருந்தே வீட்டில் கையாலும் முகத்தாலும்தான் பேச்சு. ஊமைப் பட காலத்தில் அவர் முகம் ஏன் அப்படிப் பேசியது என்பதற்கு வேறு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை. என்சைக்ளோபீடியா பிரிட்டானிக்காவில் மேக்கப் பற்றிய கட்டுரை எழுதியவரே அவர்தான். 47 வயதில் போய்விட்டார். அவருடைய மேக்கப் பெட்டி லாஸ் ஏஞ்சலஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒருநாள் போய் அதன் முன்னால் நிற்க வேண்டும்.

நீங்கள் சொன்ன பியர்ஸ் கையாண்ட முறையை நானே என் கன்னத்தில் செய்து பார்த்திருக்கிறேன். பஞ்சை மெல்லிசாகப் பிரித்து, கொலோடியன் என்கிற பசைத் திரவத்தைத் தடவி, காயவிட்டு, அதன் மேல் இன்னொரு அடுக்கு. காய்ந்ததும் தோலைச் சுருக்கிப் பிடிக்கும். அந்த வாடையில் கண்ணில் தண்ணீர் நிற்காது. ஒரு கன்னத்துக்கே ஒன்றரை மணி நேரம் ஆனது, உரித்தபின் இரண்டு நாள் சிவந்திருந்தது. கார்லாஃப் தலை முழுக்க, வாரக்கணக்கில், தினமும் பொறுத்தார். பொறுத்துக்கொண்டு அதற்குள்ளிருந்து குழந்தை மாதிரி சிரிக்கவும் செய்தார், ஏரிக்கரையில் அந்தச் சிறுமியோடு பூ விடும் காட்சியில்.

இன்னொரு பெயரையும் எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: மிலிசென்ட் பேட்ரிக். 1954இல் வந்த ‘கிரீச்சர் ஃபிரம் தி பிளாக் லகூன்’ படத்தின் அந்த மீன் மனிதனை வடிவமைத்தவர் இந்தப் பெண்தான். பெயர் போனது மேக்கப் பிரிவின் தலைவர் பட் வெஸ்ட்மோருக்கு. விளம்பரத்துக்காகப் பேட்ரிக்கை ஊர் ஊராக அனுப்பினார்கள், திரும்பி வந்தபோது ஸ்டுடியோவில் வேலை இல்லை. செவுள் விரிகிற அந்தக் கழுத்தையும், சோகமான அந்த உதட்டையும் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. தண்ணீருக்குள் அந்த உடையில் நீந்திய ரிக்கோ பிரவுனிங் மூச்சை நான்கு நிமிஷம்வரை அடக்குவாராம். அவருக்கும் அந்தப் படத்தில் பெயர் போடவில்லை.

*

டொராண்டோவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் மே 26, 27 இரண்டு நாளும் பேய்ப்பட நாட்கள். பேய்ப்பட நடிகர்களில் பீட்டர் குஷிங் பிறந்தது 26ஆம் தேதி. கிறிஸ்டோபர் லீயும் வின்சென்ட் பிரைஸும் பிறந்தது 27ஆம் தேதி. இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் அப்பா. அவர் இருந்தவரை 1958இல் வந்த ‘டிராகுலா’தான் முதல் படம். டிராகுலாவை வேட்டையாடும் குஷிங் மேசைமேல் ஓடிப் பாய்ந்து திரைச்சீலையைக் கிழித்து இழுப்பாரே, வெயில் உள்ளே வந்து டிராகுலாமேல் விழும், இரண்டு மெழுகுவர்த்தித் தண்டுகளைக் குறுக்கே பிடித்துச் சிலுவையாக்குவார். அந்த இடம் வரும்போது அப்பா கதிரையை விட்டு எழும்பி நிற்பார்.

டிராகுலாவாக வரும் லீக்கு அந்தப் படத்தில் வசனம் சொற்பம். ஏறக்குறைய ஆறரை அடி உயரம், படியில் அவர் இறங்கி வருகிற விதம், அது போதும். அப்பாவுக்கு அதைவிடப் பிடித்தது குஷிங்தான். “இந்த மனுசன் பேய் இருக்கெண்டு நம்பித்தான் நடிக்கிறார்” என்பார். குஷிங் தண்ணீர்வர்ண ஓவியரும்கூட. அப்பா போனபிறகும் அந்த இரண்டு நாளை நான் விடவில்லை. இந்த வருஷம் என் மகள் முதல்முறையாக முழுப் படமும் இருந்து பார்த்தாள். திரைச்சீலை கிழிகிற இடத்தில் எழும்பி நின்றாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

*

தங்கச்சி, பிரவுனிங் விஷயத்தை மறந்தே போயிருந்தேன், நன்றி. டொராண்டோ நண்பருக்கு: இங்கேயும் வெயில்தான் பாருங்கள்! உங்கள் படத்தில் கொல்கிற வெயில், என் படத்தில் அவன் கை நீட்டிக் கேட்கிற வெயில்.

ஒரு சேதி விட்டுப்போனது. 1997இல் அமெரிக்கத் தபால் துறை இந்த முகங்களை 32 சென்ட் தபால்தலையாகவே போட்டது. சானி, டிராகுலாவாக நடித்த பெலா லுகோசி, சானியின் மகன், கார்லாஃப் மட்டும் இரண்டு தடவை, மான்ஸ்டராகவும் மம்மியாகவும். வரைந்தவர் தாமஸ் பிளாக்ஷியர். அந்தத் தாளில் ஒன்றை வாங்கி மாமாவுக்கு அனுப்பினேன். தபால்தலை அளவில் முகம் போட ஒரு ஆளும், இருபது அடியில் போட ஒரு ஆளும் வேண்டும் என்று போனில் சொன்னார். அப்புறம் ஒரு ஸ்டில் கேட்டார், அந்த வெளிச்சக் காட்சியிலிருந்து. அனுப்பினேன்.

மறுநாள் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி: “இவன் எங்க பாக்கான்?”

“மேல மாமா. கூரையத் தொறந்து விட்டிருக்காங்க. வெயில் வருது. ஆச்சி சொல்லுவாள்ளா, வெளிச்சத்தப் புடிக்கப் பாக்கான்னு.”

“எங்கம்மையா அப்படிச் சொன்னா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

இரண்டு மாதம் கழித்துக் குழாய் மாதிரிச் சுருட்டிய துணி ஒன்று கூரியரில் வந்தது. நாலுக்கு மூன்று அடி. பென்சில் கட்டம் ஓரத்தில் இன்னும் அழியாமல் இருக்கிறது. முகம் முழுக்க அவருடைய பழைய பேனர் கை: கன்ன மேட்டில் ரோஸ், தாடைக்கு அடியில் பச்சை, கறுப்பு எங்கேயும் இல்லை. இரண்டு உள்ளங்கையையும் மட்டும் துணி நிறத்திலேயே விட்டு, விரல் நுனியிலிருந்து மணிக்கட்டுவரை மஞ்சளை வழியவிட்டிருக்கிறார்.