சதுரங்கப் பலகை நெல்மணிகள்: கூட்டுத்தொகை ஏன் பூச்சியத்தில் முடிகிறது?

கேள்வி (கோண்டாவில்)
வணக்கம். மகள் தரம் 10. சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்தில் ஒரு நெல்மணி, அடுத்ததில் 2, பிறகு 4 என்று இரட்டித்துக்கொண்டே போய், 64 கட்டத்துக்கும் மொத்தம் கண்டுபிடிக்கச் சொல்லி ஒப்படை. விரிதாளில் 64 நிரை போட்டுக் கூட்டினோம். நிரலை அகலமாக்கிப் பார்த்தால் 18446744073709600000 என்று நிற்கிறது. பார்த்தவுடனே மகள், "அம்மா, இது பிழை" என்றாள். முதற் கட்டத்து 1 மட்டும்தான் ஒற்றை, மிச்சம் 63உம் இரட்டை, அப்போ மொத்தம் ஒற்றை எண்ணாகத்தானே வரவேண்டும் என்கிறாள். சூத்திரத்தை மூன்று தரம் சரிபார்த்துவிட்டேன். எங்கே பிழைத்தது? வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும்.

பதில் (நல்லூர்)
அக்கா, சூத்திரம் சரி. விரிதாள் 15 இலக்கம் வரைக்கும்தான் சரியாகக் காட்டும், அதற்குப் பிறகு பூச்சியம் போட்டு நிரப்பிவிடும். 51ஆவது நிரையை ஒருக்காப் பாருங்கள். 1125899906842624 வரவேண்டும், உங்களிடம் 620 என்று முடிந்திருக்கும். அதுதான் முதல் பிழை, அதற்கு முந்திய 50உம் சரி. கணினியில் பைதன் என்ற நிரலாக்க மொழி இருந்தால் 2**64-1 என்று கொடுங்கள். முழுதாக வரும்: 18446744073709551615.

பதில் (சாவகச்சேரி, கணிதம் படிப்பிக்கிறேன்)
பிள்ளை ஒற்றை இரட்டை பார்த்தே பிழையைப் பிடித்தது எனக்குப் பெரிய சந்தோஷம். ஒப்படையில் அதையும் எழுதச் சொல்லுங்கள். இந்த எண்ணை இன்னும் கொஞ்சம் கிளறிப் பார்க்கலாம். இலக்கங்களைக் கூட்டினால் 87. ஆகவே 3ஆல் வகுபடும், 9ஆல் வகுபடாது. கடைசி இலக்கம் 5. மற்றக் காரணிகளுக்கு இரு வர்க்கங்களின் வித்தியாசம் போதும்: 2இன் 64ஆம் வலுவில் 1ஐக் கழித்தால், (32ஆம் வலு − 1) × (32ஆம் வலு + 1). முதல் அடைப்பைத் திரும்பத் திரும்ப அப்படியே பிரித்தால்

3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

முதல் ஐந்தும் முதன்மை எண்கள். ஆறாவதும் முதன்மைதான் என்று 17ஆம் நூற்றாண்டில் பெர்மா என்ற கணித மேதை நம்பினார். 1732இல் ஒய்லர் என்ற இன்னொரு கணித மேதை, அது 641ஆல் வகுபடும் என்று காட்டினார். கல்குலேட்டர் இல்லாமல் மகளே வகுத்துப் பார்க்கட்டும்.

கேட்டவர்
நன்றி தம்பி, நன்றி சேர். 51ஆவது நிரையில் 620 என்றுதான் இருக்கிறது. இரவு சாப்பாட்டு மேசையில் கொப்பியை விரித்து 641ஆல் வகுத்தாள். முதலில் ஒரு பூச்சியத்தை விட்டு 670417 என்று எழுதிவிட்டாள். மீதி 0 வந்தபடியால் சரியென்றே நினைத்தோம், திருப்பிப் பெருக்கியபோதுதான் பிடிபட்டது. இப்போது 6700417. அதையும் பிரிக்கலாமா? மொத்தம் எத்தனை காரணிகள் என்றும் கேட்கிறாள்.

பதில் (சாவகச்சேரி)
பிரிக்க முடியாது, அதுவும் முதன்மை எண். ஆக ஏழு முதன்மை எண்கள், ஒன்றும் இரண்டு தரம் வரவில்லை. ஒவ்வொன்றையும் எடுக்கலாம், அல்லது விடலாம். 2ஐ ஏழு தரம் பெருக்கினால் 128 காரணிகள். ஒன்றையும் எடுக்காவிட்டால் வருவது 1, எல்லாவற்றையும் எடுத்தால் வருவது உங்கள் நெல்மணித் தொகை.