மாறியதா, மாற்றினார்களா? அகமதாபாத் விமானத்தின் எரிபொருள் சுவிட்ச்

நட்டுபோல்ட்: "ஏர் இந்தியா 171 விழுந்ததற்குக் காரணம் விமானி கையால் அணைத்ததுதான், விபத்து விசாரணையின் ஆரம்ப அறிக்கையிலேயே எழுதிவிட்டார்கள்" என்று பட்டம்77 நேற்று தீர்ப்பு எழுதியிருக்கிறார். அறிக்கையை மூன்று முறை படித்துவிட்டேன். விமானம் தரையை விட்டு எழும்பிய சில விநாடிகளில் இரண்டு எரிபொருள் சுவிட்சுகளும் ஒரு விநாடி இடைவெளியில் 'ரன்' (எரிபொருள் போகும்) நிலையிலிருந்து 'கட்-ஆஃப்' (எரிபொருள் நிற்கும்) நிலைக்கு மாறின. மாறின. அவ்வளவுதான். யார் மாற்றினார் என்று ஓர் எழுத்து உண்டா? தன்வினை, பிறவினை எல்லாம் பள்ளிக்கூடத்தோடு போயிற்றா?

பட்டம்77: சார், அது வீட்டு ஃபேன் சுவிட்ச் இல்லை. தலையைப் பிடித்து மேலே தூக்கி, தடுப்பைத் தாண்டவைத்து, அப்புறம்தான் கீழே தள்ள முடியும். ஒன்றில்லை, இரண்டு. ஒன்று பேய் பிடித்திருக்க வேண்டும், இல்லை கை பிடித்திருக்க வேண்டும்.

கணக்குவாத்தியார்: அந்தத் தடுப்பே சரியாகப் பிடிக்காமல் சில போயிங் 737 விமானங்களில் சுவிட்ச் பொருத்தப்பட்டிருந்தது, பரிசோதியுங்கள் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ 2018இல் எச்சரித்தது. விழுந்த 787இலும் அதே மாதிரி சுவிட்ச்தான். கட்டாயம் இல்லை என்பதால் ஏர் இந்தியா அந்தப் பரிசோதனையைச் செய்யவில்லை. இதுவும் அதே அறிக்கையில்தான் இருக்கிறது.

பட்டம்77: அந்த சுவிட்சுகள் இருக்கும் த்ராட்டில் (என்ஜின் வேகக் கட்டுப்பாடு) பகுதியை 2019இலும் 2023இலும் முழுதாக மாற்றினார்கள், 2023க்குப் பிறகு சுவிட்ச் பற்றி ஒரு குறையும் பதிவாகவில்லை என்று அடுத்த வரியிலேயே இருக்கிறதே, அதை ஏன் விழுங்கிவிட்டீர்கள் வாத்தியாரே?

நட்டுபோல்ட்: விழுங்குவது பற்றி யார் பேசுவது! விபத்து நடந்த ஜூன் 12 சாயங்காலமே வீடியோவில் சிவப்பு வட்டம் போட்டு "ஃபிளாப் (மேலெழும்ப உதவ இறக்கையில் இறக்கும் தகடு) போட மறந்துவிட்டார்கள்" என்று அடித்துச் சொன்னவர் இவர். இடிபாட்டில் ஃபிளாப் கைப்பிடி 5 டிகிரியில் அழுத்தமாக உட்கார்ந்திருந்தது, டேக்-ஆஃபுக்கு எங்கே இருக்க வேண்டுமோ அங்கே. ஒரு வரி வருத்தம் வந்ததா?

பட்டம்77: நீங்கள் பறவை மோதியது என்றீர்கள். நானும் காத்திருக்கிறேன்.

நட்டுபோல்ட்: பறவையாக இருக்கலாம் என்றேன். 'லாம்'. இருபத்தாறு வருடம் விமானம் பழுதுபார்க்கும் ஹேங்கரில் எண்ணெய்க் கையோடு நின்றவன், எதற்கு 'லாம்' போட வேண்டும் என்று தெரியும்.

பட்டம்77: துணி மாட்டும் ஹேங்கரா சார்?

நீலவானம்: விமானத்தில் 241 பேர், கீழே மருத்துவக் கல்லூரி விடுதிப் பக்கம் 19 பேர் போயிருக்கிறார்கள். கொஞ்சம் அடக்கிப் பேசலாமே.

நட்டுபோல்ட்: அதனால்தான் தம்பி பேசுகிறேன். செத்துப்போன இரண்டு விமானிகளும் வந்து பதில் சொல்ல முடியாது. விமானி அறைக் குரல்பதிவில் "ஏன் கட்-ஆஃப் செய்தாய்" என்று ஒருவர் கேட்கிறார், "நான் செய்யவில்லை" என்கிறார் மற்றவர். எது யார் குரல் என்றுகூட அறிக்கை சொல்லவில்லை. இவர் மட்டும் ஆளையே பிடித்துவிட்டார்!

பட்டம்77: நான் யார் என்று சொல்லவில்லை, கை என்றுதான் சொன்னேன். சரி, உங்கள் வழிக்கே வருகிறேன். பத்து விநாடி கழித்து ஒரு சுவிட்சும், அதற்கு நான்கு விநாடி கழித்து மற்றதும் திரும்ப 'ரன்'னுக்கு வந்தன. அதற்கும் அறிக்கை அதே வினைச்சொல்லைத்தான் போட்டிருக்கிறது. அதுவும் தானாகவா மாறியது? திரும்பும்போது கை, போகும்போது மட்டும் காற்றா?

கணக்குவாத்தியார்: கை என்றாலே கெட்ட எண்ணம் என்று ஆகிவிடுமா? 1987இல் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து கிளம்பிய டெல்டா 767இல் வேறு சுவிட்ச் என்று நினைத்து விமானி இரண்டு என்ஜினையும் அணைத்துவிட்டார், கடலுக்கு மேலே சில நூறு அடியில் மறுபடி உயிர் வந்தது.

நட்டுபோல்ட்: வாத்தியாரே, நீங்கள் யார் பக்கம்? பட்டத்துக்குச் சொல்கிறேன், பதிவுக்கருவிக்குக் கை தெரியாது. சுவிட்சிலிருந்து எந்த மின்சமிக்ஞை வந்தது, அது மட்டும்தான் தெரியும். சமிக்ஞை மாறினால் 'மாறியது' என்று எழுதும். திரும்ப வந்ததைப் பற்றி நான் பேசவே இல்லை, போனதைப் பற்றித்தான் பேசுகிறேன். பேச்சை மாற்றாதீர்கள்.

இலக்கணச்சுடர்: மூல அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கிறது. அந்தச் சொல்லில் தன்வினை பிறவினை தேடுவதே வீண். 'மாற்றப்பட்டன' என்று செயப்பாட்டுவினையிலும் தாராளமாகப் பெயர்க்கலாம்.

நட்டுபோல்ட்: சந்திப்பிழை திருத்துகிறேன் என்று போன மாதம் என் பதிவை நாறடித்தவர் நீங்கள்தானே. என்ஜின் பக்கம் வராதீர்கள் ஐயா.

இலக்கணச்சுடர்: 'பதிவுக்கருவி'யில் இப்போது ஒற்று சரியாக மிகுந்திருக்கிறது. பலன் இருக்கிறது.

பட்டம்77: நல்ல பாயிண்ட் கொடுத்தீர்கள் நட்டு சார். பதிவுக்கருவிக்குக் கை தெரியாது என்றால், அந்த 5 டிகிரி கைப்பிடிக்கு மட்டும் இறக்கையில் ஃபிளாப் இறங்கியதா என்று தெரியுமா? அந்த வீடியோவை இன்னொரு தடவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

நட்டுபோல்ட்: வந்தாயிற்று ஃபிளாப்! சரி, இராத்திரி முழுக்க எனக்கும் வேலை இல்லை, முதலிலிருந்தே வருகிறேன். அறிக்கையில் இருக்கும் சொல் 'மாறின'...