டாட் பேட்டில் கவரில் ஆன்யா குரல் கொசு மாதிரி கேட்கிறது, என்ன செய்யலாம்?

மொட்டைமாடி_ரசிகன்:
ஃப்ரைடே நைட் ஃபங்கின் என்ற, பாட்டுக்கேற்ப அம்புகளை அழுத்தும் இசை விளையாட்டின் முதல் வாரத்தில் (முதல் கட்டம்) வரும் டாட் பேட்டில் பாட்டை எடுத்து, காதலியின் அப்பா இடத்தில் ஸ்பை ஃபேமிலி அனிமேயின் அப்பா லாய்டையும், அவரோடு போட்டி போட்டுப் பாடும் நாயகன் பாய்ஃப்ரெண்ட் இடத்தில் மகள் ஆன்யாவையும் பாட வைத்துக்கொண்டிருக்கிறேன். அப்பாவும் மகளும் டாட் பேட்டில் பாடுவது என்று தோன்றியதும் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். ஸ்பை ஃபேமிலியில் ஆன்யா "ஆ" என்று இழுக்கும் ஒரு துண்டை வெட்டி எஃப்எல் ஸ்டுடியோ என்ற இசை மென்பொருளின் சாம்ப்ளரில் (ஒரே ஒலித்துண்டை வெவ்வேறு சுரங்களில் வாசிக்கும் கருவி) போட்டு மிடியை (பாட்டின் சுரக் குறிப்புக் கோப்பு) ஓட்டினால், நடுவில் பரவாயில்லை, மேலே போகப் போகக் காதருகே கொசு, கீழே இறக்கினால் தூக்கக் கலக்கத்தில் யாரோ ஒரு மாமா. அது போக, சைக் எஞ்சினில் (இந்த விளையாட்டில் சொந்தப் பாட்டுகளைச் சேர்க்க ரசிகர்கள் செய்த எஞ்சின்) ஏற்றினால் பாட்டு முழுக்க அம்புகளுக்கு ஒரு நூல் பின்னால்தான் குரல் வருகிறது. பேசாமல் ஏஐயில் போட்டுவிடட்டுமா?

அரைச்சுரம்:
ப்ரோ, சாம்ப்ளரில் சுருதியை ஏற்றினால் அது துண்டை வேகமாக ஓட்டுகிறது, அவ்வளவுதான். கேசட்டை வேகமாக ஓடவிட்ட கதை. சுருதியோடு குரலின் நிறமும் சேர்ந்து ஏறிவிடும், அதுதான் உங்கள் கொசு. க்ரோமாட்டிக் ஸ்கேல் செய்யுங்கள். ப்ராட் என்று ஒரு இலவச மென்பொருள், ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் பேச்சொலி ஆய்வுக்காக எழுதியது (இந்தக் கூத்துக்கெல்லாம் பயன்படும் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்). அதில் துண்டின் சுருதியைத் தட்டையாக்கி, அரைச்சுரம் அரைச்சுரமாக ஏற்றி ஒரே வேவ் கோப்பாக எடுத்தால் நிறம் அவ்வளவாகக் கெடாது. அதற்காக ஒரே துண்டை மூன்று ஸ்தாயிக்கு இழுக்கக் கூடாது, அவள் சாதாரணமாகப் பேசும் உயரத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள், தேவைப்பட்டால் பாட்டை ஒரு ஸ்தாயி ஏற்றுங்கள். "ஆ" மட்டும் போதாது, ஈ, ஊ, ஏ எல்லாம் வேண்டும், இல்லையென்றால் பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டு பாடுவது போல இருக்கும். பின்னணி இசை தொல்லை செய்தால் 5.1 (ஆறு சேனல்) ஒலி உள்ள பதிப்பில் நடு சேனலை மட்டும் பிரித்துப் பாருங்கள், வசனம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

சோம்பேறிப்_பூனை:
குரல் கோப்பை எம்பி3யாக எடுத்து, அதை ஓஜிஜிக்கு (விளையாட்டு எடுத்துக்கொள்ளும் ஒலிக் கோப்பு வகை) மாற்றினீர்களா? எம்பி3 ஆக்கும்போதே தொடக்கத்தில் துளி அமைதி ஒட்டிக்கொள்ளும், பிறகு எதற்கு மாற்றினாலும் பெரும்பாலும் போகாது. நான் இது தெரியாமல் ஒரு சனிக்கிழமை முழுக்க 7 அழுத்தி சார்ட் எடிட்டரில் (அம்புகளை அடுக்கும் திரை) நோட்டுகளை ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டிருந்தேன், கேவலம். இன்ஸ்ட் (இசை மட்டும்), வாய்சஸ் (குரல் மட்டும்) இரண்டையும் ஒரே இடத்தில் தொடங்கி நேராக ஓஜிஜியாக எடுங்கள்.

நாலு_அம்பு:
ஏஐ வேண்டாம். 2024 அக்டோபரில் ஜப்பானியக் குரல் நடிகர்கள் 26 பேர் சேர்ந்து, அனுமதியில்லாமல் எங்கள் குரலை ஏஐயில் போடாதீர்கள் என்று வெளிப்படையாகக் கேட்டார்கள்.

சோம்பேறிப்_பூனை:
நாம் வெட்டும் துண்டுக்கு மட்டும் யார் அனுமதி தந்தார்கள்?

நாலு_அம்பு:
சரி, அதுவும் நியாயம்தான். ஆனால் "ஆ ஈ ஆ ஏ" என்று கத்துவதைக் கேட்டு அந்த நடிகையே பாடினார் என்று யாரும் ஏமாற மாட்டார்கள். ஏஐ பாடினால் ஏமாறுவார்கள். அதை விடுங்கள், இந்த விளையாட்டில் பாட்டே பீப் பூப்தானே, அதில் போய் சுத்தமாக வரிகளோடு பாட வைத்தால் என்ன சுவை?

மொட்டைமாடி_ரசிகன்:
எம்பி3தான்! மாற்றியதும் குரல் அம்போடு ஒட்டிக்கொண்டது, பூனைக்கு நன்றி. ப்ராட்டில் ஆ, ஈ இரண்டும் முடிந்தது, மேல் சுரத்திலும் ஆன்யா ஆன்யாவாகவே இருக்கிறாள். இப்போது லாய்டுதான் பிரச்சினை, அந்த மனிதர் எதையும் இழுத்துப் பேசுவதே இல்லை. அவர் நன்றாகக் கத்தும் காட்சி, பின்னால் வெடிச்சத்தம் இல்லாமல், யாருக்காவது ஞாபகம் இருந்தால் எபிசோட் எண் சொல்லுங்கள்.