கீச்சிடும் பெல்ட்டை வீட்டிலேயே மாற்றலாமா?

புதுக்கை:
காரின் குளிர்ந்த என்ஜினைக் கிளப்பியதும் பெல்ட் கீச்சிட்டு, சில நொடிகளில் அடங்குகிறது. ஏசி போட்டால் மறுபடியும் ஆரம்பம். ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரசர், வாட்டர் பம்ப் மூன்றையும் இந்த ஒரே பெல்ட்தான் ஓட்டுகிறது. வெடிப்பு ஒன்றும் தெரியவில்லை. ஆயில் மாற்றிய பழக்கம் உண்டு. அதற்குமேல் கை வைத்ததில்லை. இதை நானே மாற்றலாமா? பெல்ட்டில் ஸ்ப்ரே அடித்தாலே போதும் என்கிறார் நண்பர்.

பழைய ஸ்பேனர்:
ஸ்ப்ரேயை நண்பருக்கே கொடுத்துவிடுங்கள். அது சத்தத்தை மூடி மறைக்கும், அவ்வளவுதான்.

வெடிப்பில்லை என்று நிம்மதி அடையாதீர்கள். இக்காலப் பெல்ட்டுகள் பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர். அவை டயரைப் போல வெடிப்பின்றித் தேயும். பெல்ட்டில் நீளவாக்கில் ஓடும் வரிகளுக்கு இடையிலுள்ள பள்ளம் அகன்று, பிடிமானம் போய்விடும்.

முதலில் ஒரு சோதனை. என்ஜின் ஓடும்போது, கையும் சட்டையும் எட்ட இருக்க, வரியுள்ள பக்கத்தில் சிறிது தண்ணீர் தெளியுங்கள். சத்தம் கூடினால் பெல்ட் வழுக்குகிறது. சற்று நின்று திரும்பினால் ஏதோ ஒரு புல்லி, அதாவது பெல்ட் சுற்றி ஓடும் சக்கரம், நேர்கோட்டில் இல்லை. புதுப் பெல்ட்டும் அதே பாட்டைத்தான் பாடும்.

மாற்றுவது எளிது. பெல்ட் போகும் பாதையைப் படம் எடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றுங்கள். டென்ஷனரை, அதாவது பெல்ட்டை இறுக்கி வைக்கும் ஸ்பிரிங் கையை, ஸ்பேனரால் திருப்பிப் பிடித்து, பெல்ட்டை நழுவவிட்டு, ஸ்பேனரை மெதுவாகத் திரும்ப விடுங்கள். சட்டென்று விட்டால் விரல் நசுங்கும். பெல்ட் கழன்றதும் ஒவ்வொரு புல்லியையும் கையால் சுழற்றுங்கள். கரகரப்போ ஆட்டமோ இருந்தால் பேரிங் போயிற்று. பலர் இதைச் செய்யாமல்தான் அடுத்த மாதமே திரும்பி வருகிறார்கள்.

வடக்குவாசல்:
ஒன்று சேர்க்கிறேன். சில கார்களில் டென்ஷனரே இருக்காது. இழுபடும் வகைப் பெல்ட். அதை மாட்டத் தனிக் கருவி வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் புதுப் பெல்ட் உள்ளே கிழியும்.

புதுக்கை:
டென்ஷனர் இருக்கிறது. தண்ணீர் தெளித்தேன், சத்தம் கூடியது. டென்ஷனர் கை துடிப்பதும் தெரிகிறது. பழைய பெல்ட்டில் 6பிகே1230 என்று இருக்கிறது.

பழைய ஸ்பேனர்:
லேசான அசைவு இயல்பு. துடிப்பு என்றால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். டென்ஷனரையும் சேர்த்தே மாற்றுங்கள். அந்த எண்ணின் பொருள் ஆறு வரி, 1230 மில்லிமீட்டர் நீளம். அதே எண்ணையே வாங்குங்கள். மாட்டியதும், சாவி போடுமுன், கிராங்க் போல்ட்டில் (என்ஜின் தண்டின் முனையிலுள்ள புல்லியின் நடு போல்ட்) ஸ்பேனர் வைத்து என்ஜின் ஓடும் திசையிலேயே இரண்டு சுற்று சுற்றுங்கள். எங்காவது பெல்ட் ஒரு வரி தள்ளி உட்கார்ந்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.